ஒரு கோலும் ஒரு காலமும்: ஹொக்கி வரலாற்றில் மறக்கவொண்ணா எட்டு ஆட்டங்கள்

விளையாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வெற்றி தோல்விகளின் பட்டியலோடு அமைந்துவிடுவர். எவ்வாண்டு, எவ்விடம், எத்தனை கோல் என்பன தெரிந்துவிட்டால் வரலாறு முற்றுப்பெற்றுவிட்டது என்பது அவர்தம் எண்ணம். ரசிகனின் நினைவோ பட்டியலின் ஒழுங்குக்குக் கட்டுப்படுவதில்லை. இருபத்துநான்கு கோல்கள் விழுந்த ஆட்டத்தை அது எளிதில் மறந்துவிடும். ஒரேயொரு கோல் விழுந்த ஆட்டத்தை மூன்று தலைமுறைக்குக் காத்து வைத்திருக்கும். இவ்வாறு நிகழ்வதேன் என்ற வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும்.

மாத்தளையிற் பிறந்து வளர்ந்தோர்க்கு இவ்வினா வெறும் பொழுதுபோக்கன்று. நாட்டின் பிற பகுதிகளிற் கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் பெற்ற மதிப்பை எங்கள் மாவட்டத்தில் ஹொக்கி பெற்றிருக்கின்றது. மாத்தளையை இலங்கையின் ஹொக்கி நகர் எனச் சுட்டும் வழக்கு நெடுநாளாக உண்டு. புனித தோமையார் கல்லூரி, கிறைஸ்ட் சேர்ச் கல்லூரி, விஜய கல்லூரி, சாஹிரா கல்லூரி, ஸ்ரீ சங்கமித்தா பெண்கள் பாடசாலை ஆகியவற்றின் பெயர்கள் இலங்கைப் பாடசாலை ஹொக்கியோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்தவை. இப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். கிறிஸ்தவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் நிறுவிய பாடசாலைகள் ஒரே ஆட்டத்தைத் தமதாக்கிக் கொண்டன. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளை கடந்து நடந்துவந்த தோட்டத் தொழிலாளர் மலைநாட்டினுள் நுழைந்த வாயிலும் இம்மாத்தளையே. அவர்தம் வழித்தோன்றல்களும் ஏனையோரும் பயின்ற பள்ளிகளின் வாயில்கள் வேறு வேறாயினும் மைதானத்தின் வாயில் ஒன்றாகவே இருந்தது.

இத்தகைய ஊரின் ரசிகன் ஹொக்கி வரலாற்றில் மறக்கவொண்ணா ஆட்டங்களைத் தெரிவு செய்யும்போது இந்திய அணியின் ஆட்டங்களையே எடுத்துக்கொள்வதற்குக் காரணங்கள் உள. தென்னாசியாவில் ஹொக்கி எனும்போது அளவுகோலாக நின்றது அவ்வணியே. அதன் பாதை எமது தீவையும் தமிழர் வாழும் பிற நிலங்களையும் பலமுறை ஊடறுத்துச் சென்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வணியின் எழுச்சியும் வீழ்ச்சியும் சிற்றூர் ஹொக்கி வாழுமா மாயுமா என்ற வினாவோடு நேரடித் தொடர்புடையன. கோல்களின் எண்ணிக்கையை இங்கு அளவையாகக் கொள்ளவில்லை. எந்த ஆட்டத்திற்குப் பின் ஹொக்கியின் உலகம் முன்போல் இருக்கவில்லையோ அந்த ஆட்டமே தெரிவு செய்யப்பட்டது. அவ்வளவையின்படி எட்டு ஆட்டங்கள் அமைகின்றன.

கொழும்பு, 1932

தற்கால ஹொக்கியின் விதிகள் இங்கிலாந்தில் வகுக்கப்பட்டன. 1886இல் இலண்டனில் ஹொக்கிச் சங்கம் தோன்றியது. அதே காலப்பகுதியிற் படைவீரரும் அலுவலரும் ஆசிரியரும் அவ்வாட்டத்தைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தனர். செலவு குறைந்த விளையாட்டாதலால் அது படைமுகாம்களிலும் பள்ளிகளிலும் விரைந்து பரவிற்று. 1925இல் இந்திய ஹொக்கிச் சம்மேளனம் உருவாயிற்று. மூன்றாண்டுகளின் பின் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் இந்திய அணி ஐந்து ஆட்டங்களில் 29 கோல்களை அடித்தது. ஒரு கோலையும் வாங்கவில்லை. அவ்வணியின் தலைவர் ஜெய்பால் சிங், முண்டா எனும் பழங்குடியிற் பிறந்து ஒக்ஸ்போர்டிற் பயின்றவர். இறுதியாட்டத்தில் அவர் பங்கேற்கவில்லை. பிற்காலத்தில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளின் குரலாக ஒலித்தவரும் அவரே.

1932இல் லொஸ் ஏஞ்சலிஸ் நோக்கிப் புறப்பட்ட இந்திய அணி வழியிற் கொழும்பில் இலங்கை அணியோடு இரு ஆட்டங்கள் ஆடிற்று. முதலாட்டத்தில் இருபதுக்குக் குறையாத கோல்களும் இரண்டாவதிற் பத்துக் கோல்களும் எமது அணிக்கெதிராக விழுந்தன. எம்மவர் ஒன்றேனும் அடிக்கவில்லை. இதனை முதலாவது ஆட்டமாகக் கொள்வது சிலர்க்கு விந்தையாகத் தோன்றலாம். எனினும், ஆட்டமொன்றைக் கற்கத் தொடங்கிய தீவு, அவ்வாட்டம் எட்டக்கூடிய உச்சத்தைத் தன் மண்ணிலேயே கண்ட தருணம் அதுவாகும். தியான் சந்தும் அவர் தம்பி ரூப் சிங்கும் பந்தை மட்டையோடு ஒட்டவைத்து உருட்டிச் சென்றதைக் கண்ட கண்களுக்கு ஹொக்கி இனி வெள்ளையர் விளையாட்டாகத் தோன்றியிருக்கவியலாது. ஆசியரும் இதில் வல்லவராகலாம், வல்லவர் மட்டுமன்றி ஆசானும் ஆகலாம் என்பதை அது காட்டிற்று. அந்த அணியின் தலைவரான லால் ஷா பொக்காரி நாட்டுப் பிரிவினையின் பின் பாகிஸ்தானின் உயர்ஸ்தானிகராக இலங்கையிலேயே பணியாற்றினார் என்பது வரலாற்றின் இனிய முரண்களுள் ஒன்று.

அதே பயணத்தில் அமெரிக்காவை இந்தியா 24–1 என வென்றது. ரூப் சிங் 10 கோல்களும் தியான் சந்த் 8 கோல்களும் அடித்தனர். ஆனால் அவ்வாண்டு ஒலிம்பிக் ஹொக்கியில் மூன்றே அணிகள் பங்குபற்றின. ஆகையால் அந்த எண்ணிக்கை பதிவேட்டிற் பெரிதாயினும் நினைவிற் சிறிதாகவே நிற்கின்றது.

பேர்லின், 1936; வெம்பிளி, 1948

இரண்டாவதும் மூன்றாவதுமான ஆட்டங்களைச் சேர்த்தே நோக்குதல் தகும். பேர்லினில் ஒலிம்பிக் தொடங்குமுன் நடைபெற்ற பயிற்சியாட்டத்தில் ஜேர்மனி இந்தியாவை 4–1 எனத் தோற்கடித்தது. அதிர்ச்சியுற்ற இந்திய அணியினர் தாரா என்ற வீரரைத் தாயகத்திலிருந்து விரைந்து வரவழைத்தனர். இறுதியாட்டத்திலும் அதே ஜேர்மனியே எதிரணி. மழையால் ஒருநாள் பின்போடப்பட்டு, 1936 ஓகஸ்ட் 15ஆம் நாள் அவ்வாட்டம் நடைபெற்றது. களமிறங்குமுன் உடைமாற்றும் அறையில் பங்கஜ் குப்தா மூவர்ணக் கொடியை எடுத்துக் காட்ட, பிரித்தானியக் கொடியின்கீழ் ஆடவேண்டியிருந்த வீரர்கள் அதற்கு வணக்கம் செலுத்தினர். இடைவேளையின்போது இந்தியா ஒரு கோல் மட்டுமே முன்னிலையில் இருந்தது. பிற்பாதியில் தியான் சந்த் ஈரத்தரையிற் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு ஆடினார் எனக் கூறுவர். முடிவு 8–1. அதற்குச் சரியாகப் பதினோராண்டுகளின் பின் அதே ஓகஸ்ட் 15ஆம் நாள் இந்தியா சுதந்திரம் பெற்றது.

ஆனால் ஒரு கணக்குத் தீர்க்கப்படாதிருந்தது. ஆட்டத்தை வகுத்த நாடான பிரித்தானியா 1908லும் 1920லும் ஒலிம்பிக் ஹொக்கியில் வென்றது. இந்தியா பங்குபற்றத் தொடங்கிய 1928 முதல் மூன்று ஒலிம்பிக்குகளிலும் ஹொக்கிக்கு அணி அனுப்பவில்லை. ஆளப்படுவோரிடம் தோற்க நேரிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்று இந்தியர் கருதினர். காரணம் எதுவாயினும், இரு நாடுகளும் ஒலிம்பிக்கிற் சந்திப்பதற்கு இந்தியா சுதந்திரம் பெறவேண்டியிருந்தது. 1948 ஓகஸ்ட் 12ஆம் நாள் இலண்டன் வெம்பிளி மைதானத்தில், கிஷன் லாலின் தலைமையில், இந்தியா 4–0 என வென்றது. பல்பீர் சிங் இரு கோல்களும், திரிலோசன் சிங், பற் ஜான்சன் ஆகியோர் ஒவ்வொரு கோலும் அடித்தனர். மழையில் நனைந்து கனத்த தரை பந்துருட்டும் கலைக்கு ஏற்றதன்று. எனினும் வெற்றி தடைப்படவில்லை.

இலங்கை அவ்வாண்டு பெப்ரவரியிற்றான் சுதந்திரம் பெற்றது. எனவே வெம்பிளியின் அந்த நான்கு கோல்களை எமது நாட்டவரும் ஓரளவு தமதாகவே எண்ணியிருத்தல் இயல்பு. படையெடுப்பாலன்றி, எதிராளியின் மைதானத்தில், எதிராளி எழுதிய விதிகளின்படியே வெல்லுதல் தனியொரு வகை விடுதலையாகும்.

ரோம், 1960

பிரிவினை இந்திய ஹொக்கியை இரண்டாக வெட்டியது. 1936இல் இந்தியாவுக்காகப் பேர்லினுக்கு வரவழைக்கப்பட்ட தாரா, 1948இற் பாகிஸ்தான் அணிக்குத் தலைமை தாங்கினார். ஆங்கிலோ இந்தியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தனர். இந்தியாவிற் பிறந்த பியேர்ஸ் சகோதரர் ஐவரும் அவுஸ்திரேலியாவுக்காக ஆடினர் என்பது அப்புலம்பெயர்வு எத்தகைய விதைப்பாக அமைந்தது என்பதற்குச் சான்று. ஓரிடத்தின் இழப்பு வேறோரிடத்தின் விளைச்சலாயிற்று.

1956இல் மெல்பேணில் இந்தியா 38 கோல்களை அடித்து, ஒன்றையும் வாங்காது தங்கப்பதக்கம் பெற்றது. ஆனால் இறுதியாட்டத்திற் பாகிஸ்தானுக்கெதிராக அடிக்கப்பட்டது ஒரு கோல் மட்டுமே. அணித்தலைவர் பல்பீர் சிங் முறிந்த விரலுடன் ஆடினார். பெனல்டி கோணர் மூலம் ரந்தீர் சிங் ஜென்டில் அந்தக் கோலைப் பெற்றுக்கொடுத்தார். இடைவெளி குறுகிவிட்டது என்பதற்கு அதுவே முதல் எச்சரிக்கை.

1960 செப்ரெம்பர் 9ஆம் நாள் ரோமில் அந்த எச்சரிக்கை மெய்யாயிற்று. இந்தியாவின் தலைவர் லெஸ்லி குளோடியஸ். பாகிஸ்தானின் தலைவர் அப்துல் ஹமீத். ஆட்டத்தின் தொடக்கப் பகுதியிலேயே நசீர் புந்தா அடித்த கோல் ஒன்றே முடிவாயிற்று. 1928 முதல் ஒலிம்பிக்கில் முப்பது ஆட்டங்களில் தோல்வி காணாத அணி முதன்முறையாக வெள்ளிப்பதக்கத்தோடு திரும்பியது. 1964இல் டோக்கியோவில் மொகிந்தர் லால் பெனல்டி ஸ்ட்ரோக் மூலம் அடித்த ஒரே கோலால் இந்தியா மீண்டும் தங்கம் பெற்றது உண்மையே. கோல் காப்பாளர் சங்கர் லக்ஷ்மணின் அன்றைய காவலும் போற்றற்குரியது. எனினும் டோக்கியோவை விடுத்து ரோமைத் தெரிவதற்குக் காரணம் உண்டு. அதுவரை இந்தியரின் ஆட்டம் ஒன்றே இருந்தது. ரோமின் பின், ஒரே பள்ளியிற் பயின்ற இருவர் எதிரெதிரே நிற்கும் காட்சி தொடங்கிற்று. உடன்பிறந்தார் பகை பாரதக் கதையில் மட்டுமன்றி மைதானத்திலும் நினைவைப் பிணிக்க வல்லது.

கோலாலம்பூர், 1975

தமிழ் ரசிகனின் தெரிவில் ஐந்தாவது ஆட்டத்திற்கு இணையானது பிறிதில்லை எனலாம். உலகக் கிண்ணப் போட்டிகள் 1971இல் தொடங்கின. முதலாவதிற் பாகிஸ்தான் வென்றது. 1973இல் இறுதியாட்டத்தை எட்டிய இந்தியா நெதர்லாந்திடம் பெனல்டி ஸ்ட்ரோக்குகளில் தோற்றது. மூன்றாவது உலகக் கிண்ணத்தை மலேசியா நடத்தியது.

அரையிறுதியில் இந்தியாவின் எதிரணி போட்டியை நடத்திய மலேசியாவே. மெர்டேக்கா மைதானம் மக்களால் நிரம்பி வழிந்தது. மலேசிய ஹொக்கியிற் தமிழர் பங்கு பெரிது. அக்கால அணியிலும் தமிழ்ப் பெயர் தாங்கிய வீரர் பலர் இருந்தனர். எழுபது நிமிட ஆட்டத்தில் அறுபத்தைந்தாவது நிமிடம்வரை மலேசியா 2–1 என முன்னிலை வகித்தது. அப்போது கிடைத்த பெனல்டி கோணரை அடிப்பதற்கு, அதுவரை வெளியே அமர்ந்திருந்த அஸ்லம் ஷேர் கான் அனுப்பப்பட்டார். அவர் தம் கழுத்திலிருந்த தாயத்தை முத்தமிட்டுப் பந்தை அடிக்க, அது கோலாயிற்று. மேலதிக நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றிக் கோலை அடித்தார்.

1975 மார்ச் 15ஆம் நாள் இறுதியாட்டம். எதிரணி பாகிஸ்தான். முதற் கோல் பாகிஸ்தானின் சாகித் ஷேக்குடையது. சுர்ஜித் சிங் பெனல்டி கோணர் மூலம் அதனைச் சமன் செய்தார். பின்னர் தியான் சந்தின் மைந்தர் அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தின் உட்புறத்திற் பட்டுத் திரும்பிற்று. அது கோட்டைக் கடந்ததா, இல்லையா? பாகிஸ்தான் வீரர்கள் மறுத்து வாதிட்டனர். நடுவராக நின்றவர் மலேசியத் தமிழரான விஜயநாதன். அவர் கோல் எனத் தீர்ப்பளித்தார்; அதில் உறுதியாகவும் நின்றார். இந்தியா 2–1 என வென்றது. அவ்வணியின் தலைவர் அஜித்பால் சிங். அவ்வணியில் ஆடியவர்களுள் தமிழ்நாட்டைச் சேர்ந்த வி. ஜே. பிலிப்ஸ் ஒருவர். 2024ஆம் ஆண்டுவரை இந்திய ஆடவர் அணி உலகக் கிண்ணத்தை வென்றது அந்த ஒருமுறையே.

தொலைக்காட்சி இலங்கைக்கு வருமுன் நிகழ்ந்த ஆட்டம் அது. கடல் கடந்த ரசிகனுக்கு அது வானொலியின் நேர்முக வருணனையாகவும் மறுநாட் பத்திரிகையாகவுமே கிட்டியது. கண்ணாற் காணாத ஆட்டத்தைக் காதாற் கேட்டு மனத்தால் வரைந்து கொண்ட காலம் அது. கம்பத்திற் பட்டுத் திரும்பிய பந்தைப் பற்றிய வாதம் ஐம்பதாண்டு கடந்தும் ஓயாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மொஸ்கோ, 1980

கோலாலம்பூர் வெற்றி புற்றரையில் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டே, 1976இல், மொன்றியல் ஒலிம்பிக்கில் ஹொக்கி முதன்முறையாகச் செயற்கைப் புற்றரையில் ஆடப்பட்டது. உலகக் கிண்ணம் வென்ற இந்தியா ஏழாம் இடத்திற்குத் தாழ்ந்தது; நியூசிலாந்து தங்கப்பதக்கம் பெற்றது.

இம்மாற்றத்தின் இயல்பைச் சற்று விரித்துரைத்தல் அவசியம். இயற்கைப் புற்றரையிற் பந்து துள்ளும், தயங்கும், திசை மாறும். அத்தரையிற் பந்தை அடக்குவதற்கு மணிக்கட்டின் நெகிழ்ச்சியும் நொடியில் மாறும் மதியும் வேண்டும். இந்தியரும் பாகிஸ்தானியரும் இக்கலையிற் தேர்ந்தவர். செயற்கைத் தரையிலோ பந்து நேராகவும் விரைவாகவும் ஓடும். அங்கு நீண்ட தூரப் பந்துப் பரிமாற்றமும், ஓயாது ஓடும் உடல் வலுவும், பெனல்டி கோணரின் துல்லியமும் முதன்மை பெறுகின்றன. அன்றியும் செயற்கைத் தரை பெருஞ்செலவு பிடிப்பது. ஆட்டத்திற்கு முன் நீர் பாய்ச்சவேண்டியது. ஒரு மட்டையும் ஒரு பந்தும் ஒரு வெளியும் இருந்தாற் போதும் என்றிருந்த ஏழை நாட்டு விளையாட்டு, பணம் படைத்த நாடுகளின் விளையாட்டாக மாறிற்று. ஐரோப்பாவின் சிறு நகர்களிலும் செயற்கைத் தரைகள் பெருகியபோது தென்னாசியாவின் சிறுவர் பழைய தரையிலேயே பயின்றனர். பயின்ற தரை வேறு, தேர்வு எழுதும் தரை வேறு என்ற நிலை அவர்தம் திறமைக்குத் தடையாயிற்று.

இப்பின்னணியிலேயே ஆறாவது ஆட்டத்தை மதிப்பிடல் வேண்டும். 1980 ஜூலை 29ஆம் நாள் மொஸ்கோவில் இந்தியா ஸ்பெயினை 4–3 என வென்று தங்கம் பெற்றது. அணித்தலைவர் சென்னை தந்த வாசுதேவன் பாஸ்கரன். 3–0 என இந்தியா முன்னேறியபின் ஸ்பெயினின் ஹுவான் அமாட் அடுத்தடுத்துக் கோல்கள் அடித்து அச்சமூட்டினார். முகமது ஷாகித் அடித்த நான்காவது கோலே இறுதியிற் காத்தது. சுரிந்தர் சிங் சோதி இரண்டும் எம். கே. கௌசிக் ஒன்றும் அடித்தனர். ஆப்கானிஸ்தான் விடயமாக எழுந்த பகிஷ்கரிப்பினால் முன்னணி அணிகள் பல அவ்வொலிம்பிக்கிற்கு வரவில்லை. ஆதலால் அத்தங்கத்தின் எடையைக் குறைத்து மதிப்பிடுவாரும் உளர். வந்தோருடன் மட்டுமே ஆட முடியும் என்பது அவர்க்கு விடையாகும். ஆயினும் அவ்வெற்றி ஒரு தீங்கும் செய்தது. நோய் தீர்ந்துவிட்டது என்ற மயக்கத்தை அது உண்டாக்கிற்று.

புதுடில்லி, 1982

மயக்கம் தெளிய இரண்டாண்டுகள் போதுமாயின. 1982 டிசம்பர் 1ஆம் நாள் புதுடில்லியில் ஆசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்திற் பாகிஸ்தான் இந்தியாவை 7–1 என வென்றது. நினைவில் நிற்கும் ஆட்டங்கள் யாவும் இனியன அல்ல என்பதால் இதுவே ஏழாவது ஆட்டமாகின்றது.

இவ்வாட்டத்தின் வரலாற்றுப் பொருள் கோல்களின் எண்ணிக்கையில் இல்லை. அணி முழுவதும் தோற்றது. பழியோ கோல் காப்பாளர் மிர் ரஞ்சன் நேகி ஒருவர் மீதே சுமத்தப்பட்டது. அவர் பணம் பெற்று ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்றும் தூற்றினர். ஆண்டுகள் பல கடந்தபின், 1998இல் பாங்கொக்கில் தன்ராஜ் பிள்ளையின் தலைமையில் ஆசியத் தங்கம் வென்ற அணியிலும், 2002இல் மான்செஸ்டரிற் பொதுநலவாயத் தங்கம் வென்ற மகளிர் அணியிலும் கோல் காப்பாளர்க்குப் பயிற்சியளித்தவர் அதே நேகிதான். கூட்டத்தின் சினம் ஒரு மாலையிற் தீர்ப்பு எழுதிவிடுகின்றது. அத்தீர்ப்பைத் திருத்தி எழுத வரலாற்றுக்கு இருபதாண்டுகள் ஆகின்றன. ரசிகராக இருப்போர் அனைவரும் மனத்திற் கொள்ளவேண்டிய பாடம் இது.

வீழ்ச்சி அத்தோடு நிற்கவில்லை. 1986 உலகக் கிண்ணத்திற் பன்னிரண்டு அணிகளுள் பாகிஸ்தான் பதினோராம் இடத்தையும் இந்தியா பன்னிரண்டாம் இடத்தையும் பெற்றன. 2008 மார்ச்சில் சிலி நாட்டின் சந்தியாகோவிற் பிரித்தானியாவிடம் 0–2 எனத் தோற்ற இந்தியா, 1928இன் பின் முதன்முறையாக ஒலிம்பிக் ஹொக்கிக்குத் தகுதி பெறாது போயிற்று. வெம்பிளியில் வீழ்ந்த அணியே அறுபதாண்டுகளின் பின் கதவை மூடியது.

பாரிஸ், 2024

மீட்சி மெல்லவே வந்தது. 2018 முதல் ஒடிசா மாநில அரசு தேசிய அணிகளின் புரவலராயிற்று. 2021 ஓகஸ்ட் 5ஆம் நாள் டோக்கியோவில் 1–3 எனப் பின்தங்கியிருந்த இந்தியா ஜேர்மனியை 5–4 என வென்று வெண்கலம் பெற்றது. நாற்பத்தோராண்டுகளின் பின் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. இறுதி நொடிகளிற் கிடைத்த பெனல்டி கோணரை ஸ்ரீஜேஷ் தடுத்தமை பலர் நினைவில் நிற்பது.

ஆயினும் எட்டாவது ஆட்டமாக யான் கொள்வது 2024 ஓகஸ்ட் 4ஆம் நாள் பாரிஸில் நடந்த காலிறுதியாட்டத்தை. எதிரணி மீண்டும் பிரித்தானியா. பதினேழாவது நிமிடத்தில் இந்தியாவின் அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். மீதி நாற்பது நிமிடங்களுக்கு மேல் பத்துப்பேரே பதினொருவரை எதிர்த்து நின்றனர். ஹர்மன்பிரீத் சிங் ஒரு கோல் அடித்தார்; லீ மோர்ட்டன் அதனைச் சமன் செய்தார். அதன்பின் அலையலையாக வந்த தாக்குதல்களைத் தடுத்து 1–1 என ஆட்டத்தை முடித்து, ஷூட் அவுட்டில் 4–2 என இந்தியா வென்றது. பின்னர் ஸ்பெயினை 2–1 என வென்று மீண்டும் வெண்கலம் பெற்றது. தோல்விக்கு ஒருவரைப் பழிசுமத்திய புதுடில்லிக்கும், வெளியேறிய ஒருவரின் குறையை மற்றவர் சுமந்துகொண்ட பாரிஸுக்கும் இடையே எத்துணைத் தூரம்! அவ்விடைவெளியைக் கடந்ததே இவ்வாட்டத்தின் சிறப்பு.

சிற்றூர்களும் எமது கடனும்

இவ்வெட்டு ஆட்டங்களையும் தொகுத்து நோக்கும்போது இன்னொரு செய்தி தெளிவாகின்றது. பெருநகர்களின் பெயர்களால் ஆட்டங்கள் வழங்கப்படுகின்றன. ஆனால் ஆடுவோர் பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்தே வருகின்றனர். பஞ்சாபின் சன்சார்பூர் என்ற சிறு கிராமம் பத்துக்கு மேற்பட்ட ஒலிம்பிக் வீரர்களைத் தந்தது. பாரிஸிற் சிவப்பு அட்டை பெற்ற அமித் ரோகிதாஸ் ஒடிசாவின் சுந்தர்கார் மாவட்டத்தவர். அம்மாவட்டம் முன்னாள் அணித்தலைவர் திலீப் திர்க்கியையும் தந்தது. தமிழ்நாட்டிற் கரிசல் நிலத்துக் கோவில்பட்டி, தீப்பெட்டித் தொழிலுக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்றது போலவே ஹொக்கிக்கும் பெயர்பெற்றது. அவ்வூரில் வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும் அங்கு பயிற்சி பெற்ற அரியலூர்க் கார்த்தியும் 2022 ஆசியக் கிண்ணத்தில் இந்திய அணிக்காக ஆடினர். சன்சார்பூர், சுந்தர்கார், கோவில்பட்டி என்ற இவ்வரிசையில் மாத்தளையின் பெயரையும் சேர்த்து எண்ணுதல் மிகையாகாது.

எனினும் உண்மையை ஒளித்தலும் ஆகாது. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா இலங்கையை 20–0 என வென்றது. 1932இல் இருந்த இடைவெளி 86 ஆண்டுகளின் பின்னும் அவ்வாறே நிற்கின்றது. இதற்கு எம் வீரர்களைக் குறைகூறுதல் புதுடில்லிக் கூட்டத்தின் பிழையை மீண்டும் செய்வதாகும். திறமை எல்லா மண்ணிலும் விளையும். தரையும் பயிற்சியும் தொடர்ந்த ஆதரவும் எல்லார்க்கும் ஒரேயளவிற் கிட்டுவதில்லை. செயற்கைத் தரை வந்தபின் ஹொக்கியின் வரலாறு ஒருபுறம் திறமையின் வரலாறாகவும் மறுபுறம் வாய்ப்பின் வரலாறாகவும் இரு கிளையாகப் பிரிந்துவிட்டது. சுந்தர்காரின் சிறுவர் மூங்கிற் கழிகளால் ஆடத் தொடங்கியவரே. மாநில அரசு ஆட்டத்தைத் தன் பொறுப்பாக ஏற்றபின் அவர்கள் பயின்ற தரையும் மாறிற்று. வாய்ப்புச் செய்யும் மாற்றத்திற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

பல்கலைக்கழக மாணவர்க்கு இவ்விடயத்தில் ஒரு கடமை உண்டு. பேர்லினிலும் கோலாலம்பூரிலும் விழுந்த கோல்களின் நிமிடங்களையும் நாம் அறிவோம். மாத்தளையிற் பாடசாலைகள் மோதிய ஆட்டங்களோ பெரும்பாலும் ஆடியோர், கண்டோர் நாவிலேயே வாழ்கின்றன. முதியோர் மறையுந்தோறும் ஓர் இறுதியாட்டம் மறைகின்றது. ஒரு கோல் காப்பாளரின் பெயர் மறைகின்றது. சிங்கள, தமிழ், முஸ்லிம் இளைஞர் ஒரே அணியில் நின்று ஆடியதன் சான்றும் மறைகின்றது. இறுதியாகச் சொன்ன இழப்பே பேரிழப்பாகும். இந்நாட்டில் அத்தகைய சான்றுகள் மிகையாக இல்லை. பாடசாலை மலர்கள், பழைய பத்திரிகைகள், முன்னாள் வீரர்களின் வாய்மொழி ஆகியவற்றைத் தொகுத்து மாத்தளை ஹொக்கியின் வரலாற்றை எழுதுதல் வேண்டும். மும்மொழியிலும் எழுதுதல் இன்னும் நன்று.

அவ்வாறு எழுதுவதற்கு மாத்தளையை விடப் பொருத்தமான மண் வேறில்லை. பலநூறாண்டு வாய்மொழியாகவே வழங்கிவந்த பாளித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது நகரை அடுத்துள்ள அலுவிகாரையில் என்பது மரபு. பஞ்சமும் போரும் சூழ்ந்த காலத்தில், நினைவை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது எனத் துறவியர் உணர்ந்தமையே அதற்குக் காரணம் என்பர். மறைநூலும் விளையாட்டும் ஒன்றல்ல. ஆயினும் நாவில் மட்டும் வாழ்வது எழுத்தில் ஏறாவிடின் அழியும் என்ற உண்மை இரண்டிற்கும் பொதுவானது. ஒன்பதாவது ஆட்டம் மாத்தளையில் என்றோ ஆடி முடிந்திருக்கக்கூடும். அதனைத் தேடி எழுதும் பொறுப்பு இம்மலரை வாசிக்கும் இளைஞர் தலைமுறையினுடையது.